சிங்கப்பூரில் நீங்கள் எந்த இனம்?

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒரு பிள்ளை சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருந்தால், அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் என்றால், மாதாமாதம் ஒரு சிறு தொகை ‘சிண்டா’ என்ற பெயரில் பிடிக்கப்பட்டிருக்கும். சம்பளத்துக்குத் தகுந்தபடி 1 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 30 வெள்ளி வரை. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை பிடித்தம் தொடரும். சிண்டா என்பது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். படிப்பில் பின்தங்கிய இந்தியப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் நடத்தவும், நொடித்துப்போன குடும்பங்களுக்குக் கைகொடுக்கவும் 1991இல் தொடங்கினார்கள். அதே அலுவலகத்தில் வேலை செய்யும் சிங்கப்பூர்ச் சீனரின் சீட்டில் சீனர்களுக்கான அமைப்பின் பெயர் இருக்கும். மலாய்க்காரரின் சீட்டில் பள்ளிவாசல் கட்டுமானத்துக்கும் மலாய்ச் சமூக அமைப்பான மெண்டாக்கிக்குமான நிதி. ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சாவளியினரான யுரேஷியருக்கு யுரேஷியர் நிதி.

நம் ஊரிலிருந்து போன பிள்ளைக்கு இது முதலில் விளங்காது. தன்னைத் தமிழன் என்றோ, மதுரைக்காரன் என்றோ, இன்ன கல்லூரிக்காரன் என்றோதான் அதுவரை நினைத்து வந்திருப்பார். சம்பளம் கைக்கு வரும் முன்பே அந்த நாடு அவரை ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் உட்கார வைத்துவிட்டது. சிண்டாவின் கணக்கில் சிங்களவர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர்கூட அந்தக் கட்டத்துக்குள்தான் வருகிறார்கள்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது இன்னும் ஆழமாகப் போகிறது. அவர்களுடைய அடையாள அட்டையில் பெயர், பிறந்த தேதி, பால், பிறந்த நாடு இவற்றோடு இனத்துக்கும் ஒரு வரி உண்டு. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு பெரும் பிரிவுகள். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சீனர் 74.3 சதவீதம், மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9.0, மற்றவர் 3.2. பள்ளியில் எந்தத் தாய்மொழி படிப்பது, எந்தப் புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) வீடு வாங்கலாம், தேர்தலில் எந்த இடத்துக்கு நிற்கலாம் என்பவற்றையெல்லாம் அந்த ஒற்றை வரி தொட்டுச் செல்கிறது.

இனத்தை அரசு கணக்கில் எடுப்பதே தவறு என்று சொல்பவன் அல்ல நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணிப் பார்க்காத நாடுகளிலும் இனவெறி இருக்கிறது. எண்ணாததால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். என்னை உறுத்துவது வேறு. இந்தக் கணக்குக்கு ஒரு விலை இருக்கிறது. அதை யார் கொடுக்கிறார்கள்?

இந்தக் கட்டங்கள் நேற்று வந்தவை அல்ல. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்திலேயே சீனருக்கு ஓர் இடம், தென்னிந்தியரான சூலியாக்களுக்கு ஓர் இடம், அரபுகளுக்கும் பூகிஸ் மக்களுக்கும் கம்போங் கிளாம் பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். பிறகு வந்த காலனியக் குடிமதிப்புகள் கூட்டியும் குறைத்தும் பல பெயர்களை எழுதிப் பார்த்தன; கடைசியில் அவை சில பெரும் தலைப்புகளுக்குள் அடங்கின. சுதந்திர சிங்கப்பூர் அந்தத் தலைப்புகளை அப்படியே வாங்கிக்கொண்டது.

வாங்கிக்கொண்டதற்குக் காரணம் பயம். அந்தப் பயத்தை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் வெடித்தது. 13 பேர் இறந்தார்கள். ஊரடங்குக்குள் கிடந்த தீவில், பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பயந்த மக்கள்தான் அடுத்த ஆண்டு மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானார்கள். இன்று பள்ளிகளில் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். சீனப் பிள்ளை ஜிப்பா போட்டுக்கொள்ளும், இந்தியப் பிள்ளை மலாய் உடை உடுத்திக்கொள்ளும். அழகான காட்சிதான். ஆனால் உடையிலும் உணவிலும் பழகிக்கொள்வது எளிது. கடினமானது வீட்டில் தொடங்குகிறது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சிங்கப்பூரில் பெரும்பாலானவர்கள் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக ‘வீவக வீடு’ என்பார்கள். எண்பதுகளின் இறுதியில், சில பேட்டைகளில் சீனரும் சில பேட்டைகளில் மலாய்க்காரரும் கூடிக்கொண்டே போவதை அரசு கவனித்தது. மறுபடியும் தனித்தனிச் சேரிகளாகி, 1964 திரும்பிவிடுமோ என்ற கவலை. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். அவர் காலத்தில், 1989 மார்ச் 1 அன்று, இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு புளோக்குக்கும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு. ஒரு புளோக்கில் சீனர் 87 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மலாய்க்காரர் 25. இந்தியரும் மற்றவரும் சேர்ந்து முதலில் 13 சதவீதம். 2010இல் அது 15 ஆனது.

இதனால் விளைந்த நன்மை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஒரே மின்தூக்கியில் ஏறுகிறார்கள், ஒரே மார்க்கெட்டில் மீன் வாங்குகிறார்கள், கீழ்த்தளத்தில் இன்று மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனருடைய சாவு. ஒரு வீட்டுத் துக்கத்தையும் சந்தோஷத்தையும் மற்ற வீட்டார் தாண்டித்தான் போக வேண்டும். லண்டனிலோ பாரிஸிலோ குடியேறிகள் தனிப் புறநகரங்களில் குவிந்ததைப் பார்த்தவர்கள் இதன் அருமையை ஒத்துக்கொள்வார்கள்.

விற்கப் போகும்போதுதான் விலை தெரிகிறது. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அங்கிருக்கும் சீனர் தன் வீட்டை இன்னொரு சீனருக்கு விற்கலாம், ஏனென்றால் எண்ணிக்கை மாறாது. இந்தியருக்கும் விற்கலாம், மலாய்க்காரருக்கும் விற்கலாம். அவருக்குச் சந்தை முழுவதும் திறந்திருக்கிறது. அதே மாடியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் விற்க வந்தால், சீனருக்கு விற்க முடியாது. வாங்கும் ஆட்களில் முக்கால் பங்குக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. மீதமுள்ள கால் பங்கில் ஆள் தேட வேண்டும். தேடி அலைந்து, காலம் கடந்து, கடைசியில் விலையைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். நாடு முழுவதும் அனுபவிக்கும் நல்லிணக்கத்துக்கு, சேமிப்பையெல்லாம் அந்த வீட்டில் போட்ட ஒரு சிறுபான்மைக் குடும்பம் தன் கையிலிருந்து காசு கொடுக்கிறது.

2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றி நேருக்கு நேர் விவாதம் நடந்தது. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி, காலப்போக்கில் இந்த வரம்பை எடுத்துவிட வேண்டும் என்றது. அரசு, வரம்பு தேவை என்று நின்றது. ஆனால் விற்பவர்கள் படும் சிரமத்தை மறுக்கவில்லை. 2022 முதல், நெடுங்காலம் சொந்தமாக வைத்திருந்து, பல மாதம் முயன்றும் விற்க முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து கழகமே வீட்டை வாங்கிக்கொள்ள ஒரு வழி செய்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் மாதக்கணக்கில் தவித்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்குவதும் விற்பதும் இப்படியென்றால், வாடகைக்கு வீடு தேடுவது இன்னும் கூர்மையான அனுபவம். வரம்பும் சட்டமும் வழியில் வராமலேயே இனம் முன்னால் வந்து நிற்கும் இடம் அது. தொலைபேசியில் விவரம் எல்லாம் பேசி முடிப்பார்கள். கடைசியில் தரகர் தயங்கிக் கேட்பார்: “நீங்கள் இந்தியரா?” ஆம் என்றால், “வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை” என்பார். ஒரு காலத்தில் விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம் என்று பச்சையாகப் போட்டார்கள். இனத்தைச் சொல்லி விளம்பரம் செய்யாதீர்கள் என்று தரகர்களுக்கு அறிவுறுத்தல் வந்த பிறகு எழுத்து குறைந்தது, கேள்வி நிற்கவில்லை. சமையல் வாசனை என்று காரணம் சொல்வார்கள், சுத்தம் என்பார்கள். “நீங்க என்ன ஆளுங்க?” என்று சென்னையிலும் கோவையிலும் வீட்டுக்காரர்கள் கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக் களைத்தவர்களுக்கு இந்த அவமானத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சமையல் வாசனை என்றதும் 2011 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. சீனாவிலிருந்து புதிதாக வந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியச் சிங்கப்பூரர் வீட்டுக் கறிக்குழம்பு வாசனை தாங்கவில்லை என்று சில ஆண்டுகளுக்கு முன்பு புகார் செய்திருந்தது. சமரச மையத்தில் பேசித் தீர்த்தார்கள். தீர்வு என்ன? சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் இந்தியக் குடும்பம் கறி சமைக்கும். இந்தப் பழைய சமரசம் செய்தித்தாளில் வெளியானதும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கறி சமைத்துப் பகிர்ந்துகொள்வோம் என்று முகநூலில் ஓர் அழைப்பு கிளம்பியது. ஆயிரக்கணக்கான சீனர்கள் அதில் சேர்ந்தார்கள். கறி எங்கள் வீட்டுச் சாப்பாடும்தான் என்றார்கள்.

என் மனத்தை நெகிழ வைத்த சம்பவம் இது. கூடவே ஒன்று உறுத்தவும் செய்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோடு அழியவில்லை, இடம் மாறியது. இங்கேயே பிறந்தவர், புதிதாக வந்தவர் என்று பிரிந்தது. பத்து ஆண்டு கழித்து, 2021இல், இந்தியாவுடன் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தத்தால் இந்தியர்கள் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்ற பேச்சு சூடுபிடித்தபோது, தெருவில் போன யாரும் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். நான்கு தலைமுறையாக அங்கே வாழும் தமிழருக்கும் அந்த வசை விழுந்தது. அதே ஆண்டு மே மாதம் சுவா சூ காங்கில் வேகநடை போய்க்கொண்டிருந்த 55 வயது இந்தியச் சிங்கப்பூர்ப் பெண்ணை, முகக்கவசத்தைச் சாக்காக வைத்து ஒருவன் இனத்தைச் சொல்லித் திட்டி மார்பில் உதைத்தான். ஜூன் மாதம், ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு ஜோடியை வழிமறித்து, இந்திய ஆண் சீனப் பெண்ணோடு பழகலாமா என்று ஒருவர் கடிந்துகொண்ட காணொளி பரவியது. அவர் ஒரு விரிவுரையாளர். வழிமறிக்கப்பட்ட இருவருமே கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் தலையில் இருந்த கட்டங்களில் அந்த இருவருக்கும் இடமே இல்லை.

கலப்புப் பிள்ளைகளுக்கு அட்டையிலும் வெகுகாலம் இடமில்லைதான். அப்பாவின் இனமே பிள்ளையின் இனம் என்பது பழைய வழக்கம். 2011 ஜனவரி முதல் ‘இந்தியர்-சீனர்’ என்று இரண்டையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் வீடு போன்றவற்றுக்கு முதலில் எழுதிய இனத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரே பிள்ளை, எதை முன்னால் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு புளோக்கில் வீடு வாங்கலாம் அல்லது வாங்க முடியாது.

கட்டங்கள் பெரும்பான்மையையும் சும்மா விடவில்லை. ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ் பேசிய வீடுகளையெல்லாம் ‘சீனர்’ என்று ஒன்றாக்கி, 1979இல் மாண்டரின் பேசு என்று இயக்கம் நடத்தினார்கள். பேரப்பிள்ளையோடு பேச மொழியில்லாமல் போன பாட்டிகள் அந்த நாட்டில் நிறைய உண்டு. நமக்கு அங்கே வாய்த்தது பெரும் பேறு. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் அதே ஏற்பாட்டில், 1990ஐ ஒட்டி இந்தி, பஞ்சாபி, வங்காளி, குஜராத்தி, உருது ஆகியவற்றைப் பாடமாக எடுக்க வழி பிறக்கும்வரை, வட இந்திய வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டு மொழியைப் பள்ளியில் படிக்க முடியவில்லை. மலையாளமும் தெலுங்கும் அந்தப் பட்டியலில் இன்றும் இல்லை.

இதையெல்லாம் மக்கள் வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறார்களா? நெடுங்காலம் பேசவில்லை. 2005இல் இனத்தைப் பழித்து இணையத்தில் எழுதிய இருவரைத் தேசநிந்தனைச் சட்டத்தின்கீழ் சிறைக்கு அனுப்பினார்கள். அது சரியான தண்டனையாகவே இருக்கட்டும். ஆனால் இனம் என்றாலே வாயை மூடிக்கொள்வது நல்லது என்ற பாடத்தையும் ஊர் சேர்த்துக் கற்றுக்கொண்டது. 2019 ஜூலையில் ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியராகவும் முக்காடிட்ட மலாய்ப் பெண்ணாகவும் தோன்றினார். மனம் புண்பட்ட இந்திய வம்சாவளிக் கலைஞர்கள் இருவர், கெட்ட வார்த்தை கலந்து சீனர்களைச் சாடி ராப் பாடல் வெளியிட்டார்கள். விளம்பரம் ரசனைக்குறைவு, ஆனால் விதிமீறல் இல்லை என்று முடிவானது. பாடியவர்களுக்கு நிபந்தனையுடன் கூடிய காவல்துறை எச்சரிக்கை. அந்தக் கெட்ட வார்த்தையை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் தராசில் வைத்து நிறுத்தபோது, புண்படுத்திய விளம்பரத்தைவிடப் புண்பட்டவரின் கோபம்தான் பெரிய குற்றமாகத் தெரிந்தது. அலுவலகத்தில் கறுப்பு நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் சிரித்துக் கடக்க வேண்டும். பதில் சொன்னால் “சும்மா தமாஷுக்கு” என்பார்கள். சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர் மாண்டரினுக்கு மாறிவிட, ஆறாவது ஆள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் காவல் நிலையத்திலும் இதற்குப் புகார் எழுத முடியாது. பேசித்தான் தீர்க்க முடியும்.

இனி அரசியல். 1981இல், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம், ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியைத் தோற்கடித்தார். அங்கே வாக்காளரில் பெரும்பான்மை சீனர். அப்படியிருந்தும், மக்கள் தங்கள் இனத்தவருக்கே வாக்களிப்பார்கள், சிறுபான்மையினர் நாடாளுமன்றத்திலிருந்து காணாமல் போவார்கள் என்ற வாதத்தின்மேல் 1988இல் குழுத்தொகுதி முறை வந்தது. அந்தத் தொகுதிகளில் ஒரு குழுவாகத்தான் நிற்க வேண்டும், அதில் ஒருவராவது சிறுபான்மையினர். அதே 1988இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ வெளிப்படையாகவே சொன்னார்: தனக்குப் பின் பிரதமராகத் தனபாலனை எண்ணிப் பார்த்ததாகவும், ஓர் இந்தியப் பிரதமருக்கு நாடு இன்னும் தயாராகவில்லை என்றும். வீவக வரம்பைக் கொண்டுவந்த அதே தனபாலன்தான்.

1966இல் தேசியப் பற்றுறுதியை எழுதியவர் எஸ். ராஜரத்தினம். ஜெயரத்தினத்தைப் போல அவரும் யாழ்ப்பாண மண்ணில் பிறந்தவர். இனம், மொழி, சமயம் பாராமல் ஒரே மக்களாக இருப்போம் என்று பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் வாசகம் அது. 2009இல் நியமன உறுப்பினர் விஸ்வா சதாசிவன் அதை நாடாளுமன்றத்தில் நினைவுபடுத்தியபோது, லீ குவான் இயூ எழுந்து, அது நாம் அடைய விரும்பும் இலட்சியம், இன்றைய நிலையல்ல என்றார். மலாய்க்காரரின் தனி நிலையை ஏற்கும் அரசமைப்புப் பிரிவையும் சுட்டிக்காட்டினார். நேர்மையான பதில். ஆனால் தயாராகவில்லை என்று தலைவர்கள் சொல்லச் சொல்ல, தயாராகாமல் இருப்பதற்கு மக்களுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. 2019இலும் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியெட், மூத்த தலைமுறை இன்னும் தயாராகவில்லை என்றே சொன்னார்.

2017இல் அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஐந்து தவணைகள் தொடர்ந்து ஒரு சமூகத்தவர் அதிபராகவில்லை என்றால் அடுத்தது அவர்களுக்கு என்பது 2016இல் வந்த திருத்தம். ஹலிமா யாக்கோப் போட்டியின்றித் தேர்வானார். அவருடைய தந்தை இந்திய முஸ்லிம். ஒரு குழு அவரை மலாய்ச் சமூகத்தவர் என்று சான்றளித்தது. உழைத்து முன்னேறிய அவருக்கு மக்கள் வாக்கில் வென்றுகாட்டும் வாய்ப்பு கிடைக்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம். ஏனென்றால் 2023இல் ஒதுக்கீடு இல்லாத அதிபர் தேர்தலில், இலங்கைத் தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம், இரண்டு சீன வேட்பாளர்களுக்கு எதிராக 70.4 சதவீத வாக்குகள் பெற்றார். அரசில் அவர் ஆற்றிய நீண்ட பணிதான் பெரும் காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாடு தயாராகவில்லை என்ற பழைய பேச்சுக்கு வாக்குப்பெட்டி பதில் சொல்லிவிட்டது.

எனவே என் தீர்ப்பு இது. வீட்டு வரம்பு இருக்கட்டும். அதனால் சிறுபான்மைக் குடும்பத்துக்கு விழும் விலைக்குறைவை அரசே ஈடுகட்ட வேண்டும், தவித்துக் களைத்த பிறகு அல்ல, விற்கப் போகும் நாளிலேயே. எந்தச் சிறிய சமூகத்துக்கும் பயன்படாமல் வெறும் பழக்கத்தால் இனத்தைக் கேட்கும் படிவங்களிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம். 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டமும் பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நிறைவேறியுள்ளன. வாடகை வீட்டின் கதவை அவை தொடவில்லை.

அதைத் தொடக்கூடியவர்கள் வீட்டுக்காரர்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ சிங்கப்பூரில் வாடகைக்கு விட ஒரு வீடோ அறையோ இருந்தால், ‘இந்தியர் மட்டும்’ என்று எழுதாதீர்கள். வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைப் பார்த்துக்கொள்வாரா என்று மட்டும் கேளுங்கள். தரகர் உங்கள் சார்பில் இனத்தைக் கேட்டால், கேட்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.